ஜப்பானின் பள்ளிக்கூடங்கள் யார் காசில் வந்தன?

"1872-ல் மேஜி அரசு ஓர் ஆணை போட்டது, நாற்பது வருடத்துக்குள் ஜப்பானில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். இது எப்படி முடிந்தது?" என்பது கேள்வி.

இதில் இரண்டு முனையும் சரி. 1872-ல் ஆணை வந்தது உண்மை. 1910-ல் தொடக்கப் பள்ளிச் சேர்க்கை 98 சதவீதம் என்று அரசுக் கணக்கு சொல்வதும் உண்மை. ஆணை போட்டதால் பள்ளி வந்தது என்ற நடுப்பகுதிதான் இடிக்கிறது. ஆணையில் இருந்த திட்டம் ஏறக்குறைய தோற்றுப்போனது. பள்ளிகள் வந்தது ஊர்க்காரர்கள் கையிலிருந்து போட்ட பணத்தில். அதுவும் முப்பது வருடம் சண்டை போட்டு, இழுத்துப் பிடித்து.

முதலில், ஜப்பான் வெறும் தரையிலிருந்து தொடங்கவில்லை. மேஜி அரசுக்கு முன்பிருந்த தோகுகாவா ராணுவப் பிரபுக்களின் ஆட்சிக் காலத்திலேயே அங்கே தெராகோயா என்ற சிறு பள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 'தெரா' என்றால் பௌத்தக் கோயில். பெயர்தான் கோயில் பள்ளி; பாடம் பெரும்பாலும் மத பாடம் இல்லை. எழுத்து, வாசிப்பு, சொரோபான் என்ற மணிச்சட்டத்தில் கணக்கு, அவ்வளவுதான். சொல்லிக் கொடுத்தவர்கள் துறவிகள், எஜமானை இழந்த சாமுராய்கள், ஊர்த்தலைவர்கள், வைத்தியர்கள். எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) பெண் ஆசிரியர்களும் இருந்தார்கள். பாடப் புத்தகம் என்பது மாதிரிக் கடிதங்களின் தொகுப்பு. வணிகன் பிள்ளைக்கு வணிகக் கடிதம், விவசாயி பிள்ளைக்கு நிலம், பயிர் பற்றிய சொற்கள். வகுப்பு, தேர்வு, தேர்ச்சி எதுவும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தாழ்வான மேசை முன் உட்கார்ந்து தன் பாட்டுக்கு எழுதும், ஆசிரியர் ஒவ்வொருவராகத் திருத்துவார். வயல் வேலை வந்தால் பிள்ளை வராது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். கட்டணம் காசாகவும் இருக்கும், அரிசியாகவும் இருக்கும்.

சாமுராய் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பிரபுவின் நிலப்பகுதியிலும் ஹான்கோ என்ற தனிப் பள்ளி. இது போக அறிஞர்கள் சொந்தமாக நடத்திய கல்விக்கூடங்கள். ஒசாகாவில் ஒகாதா கோவான் என்ற மருத்துவர் டச்சு மொழியில் மேற்கத்திய மருத்துவம் சொல்லிக் கொடுத்த கூடம் அதில் பெயர் பெற்றது. அங்கே படித்து வந்தவர்தான் ஃபுகுசாவா யுகிச்சி. பின்னாளில் கெய்யோ கல்விக்கூடத்தை நிறுவி, படிப்புதான் மனிதனை உயர்த்தும் என்று நாடு முழுக்க எழுதிப் பரப்பியவர்.

1868-ல் தோகுகாவா ஆட்சி போய் பேரரசரின் பெயரில் மேஜி அரசு வந்தபோது ஆண் பிள்ளைகளில் 40 சதவீதம் வரை, பெண் பிள்ளைகளில் 10 முதல் 15 சதவீதம் வரை ஏதாவது ஒரு பள்ளியைப் பார்த்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

டோக்கியோ ஆணைக்கு முன்பே ஒரு நகரம் தானாக முந்திக்கொண்டது. 1869-ல் பேரரசர் கியோட்டோவை விட்டு டோக்கியோவுக்குப் போனார். ஆயிரம் வருடத்துக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் வெறிச்சோடும் என்று கியோட்டோ வணிகர்கள் பயந்தார்கள். அதே வருடம் நகரத்துத் தெருக் குழுக்கள், 'பங்குமி' என்பார்கள், 64 தொடக்கப் பள்ளிகளைத் திறந்துவிட்டன. நாட்டில் கல்வி அமைச்சகம் என்ற ஒன்றே அப்போது கிடையாது. அது 1871-ல்தான் வந்தது. செலவுக்கு நகர நிர்வாகமும் உதவியது. ஆனால் பெரும் பாரம் தெருக்காரர்கள் மேல்தான். அவர்கள் வசூலித்த பணத்தின் பெயர் 'அடுப்புக் காசு'. வீட்டில் அடுப்பு எரிகிறதா, அப்படியானால் பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காசு கொடுக்க வேண்டும். இத்தனை சுலபமான வரிக்கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தப் பள்ளிக் கட்டடம் பள்ளியாக மட்டும் இருக்கவில்லை. தெருக்கூட்டம் அங்கேதான், தீ விபத்தைப் பார்க்கும் கோபுரம் அதன் கூரைமேல்தான், அம்மை குத்துவதும் அங்கேதான். 1872-ல் அவற்றைப் பார்க்கப் போன ஃபுகுசாவா மெய்மறந்து பாராட்டி எழுதினார். இன்று கியோட்டோவில் மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகளுக்கான காட்சியகம் இருக்கிறதே, அந்தக் கட்டடம் இந்த வழியில் வந்த ஒரு பள்ளியினுடையது.

சரி, 1872 ஆணைக்கு வருவோம். 'கக்குசெய்' என்று பெயர். நாட்டை 8 பல்கலைக்கழக வட்டாரங்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் 32 நடுநிலைப் பள்ளி வட்டாரம், அது ஒவ்வொன்றிலும் 210 தொடக்கப் பள்ளி வட்டாரம். பெருக்கினால் 53,760 தொடக்கப் பள்ளிகள். சுமார் 600 பேருக்கு ஒரு பள்ளி. பிரெஞ்சு நிர்வாக முறையைப் பார்த்துப் போட்ட கணக்கு இது. காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைய ஜப்பானில்கூட தொடக்கப் பள்ளிகள் இருபதாயிரத்துக்குக் கீழேதான்.

ஆணையின் முன்னுரையில் புகழ்பெற்ற ஒரு வரி உண்டு. எந்த ஊரிலும் படிக்காத குடும்பம் இருக்கக் கூடாது, எந்தக் குடும்பத்திலும் படிக்காத ஆள் இருக்கக் கூடாது என்பது. சாமுராய், விவசாயி, கைவினைஞர், வணிகர், பெண் என்ற பேதம் இல்லாமல் எல்லோருக்கும் என்று சொன்னது, அந்தக் காலத்துக்குப் பெரிய பேச்சு. ஆனால் அதே முன்னுரை இன்னொன்றும் சொல்கிறது. படிப்பு என்பது ஒருவன் வாழ்க்கையில் முன்னேறுவதற்கான முதலீடு, ஆகவே செலவுக்கு அரசை எதிர்பார்க்காதீர்கள் என்று. பயன் உனக்கு, காசும் உன்னுடையது. மாதக் கட்டணம் 50 சென் அல்லது 25 சென் (100 சென் ஒரு யென்) என்று விதி வைத்தார்கள். பெரும்பாலான ஊர்களில் அதை வசூலிக்கவே முடியவில்லை. சில சென்கள் வாங்கிக்கொண்டு விட்டார்கள். மீதியை வட்டாரத்து வீடுகளின் மேல் பங்கு போட்டார்கள், நன்கொடை கேட்டார்கள். மத்திய அரசு கொடுத்தது சொற்பம்.

முதல் வருடக் கணக்கு என்ன சொல்கிறது? 1873-ல் சேர்க்கை 28 சதவீதம். ஆண் பிள்ளைகள் 39.9, பெண் பிள்ளைகள் 15.1. மேலே நினைவில் வைக்கச் சொன்ன எண்களைப் பாருங்கள், கிட்டத்தட்ட அதேதான்! 1875 வாக்கில் பள்ளிகளின் எண்ணிக்கை 24,000 அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் அவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு கோயில்களில் நடந்தன, மூன்றில் ஒரு பங்கு யாரோ ஒருவர் வீட்டில். புதிதாகக் கட்டியவை ஐந்தில் ஒன்றுகூட இல்லை. அதாவது, ஏற்கெனவே இருந்த தெராகோயாக்களில் பலவற்றுக்குப் பெயர்ப்பலகை மாற்றிவிட்டு 'தொடக்கப் பள்ளி' என்று எண்ணிக்கொண்டார்கள். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிற அடித்தளத்தின் மேல்தானே யாரும் கட்ட முடியும். ஆனால் ஆணை அதிசயம் செய்தது என்று சொல்வதுதான் பொருந்தவில்லை.

பெயர்ப்பலகை மாறினாலும் உள்ளே நடந்ததை மாற்ற அமைச்சகம் மெனக்கெட்டது. 1872-ல் டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கி, மரியன் ஸ்காட் என்ற அமெரிக்கரை வைத்தார்கள். மேசை, நாற்காலி, கரும்பலகை, சுவரில் மாட்டும் படங்கள் என்று அமெரிக்க வகுப்பறையை அப்படியே கொண்டுவந்து, ஒரே வயதுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் நடத்துவது எப்படி என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் காட்டினார். அங்கே படித்தவர்கள் மாகாணங்களுக்குப் போய் மற்றவர்களுக்குக் காட்டினார்கள். தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது மணியடித்தால் எழுந்து நிற்கும் வகுப்பானார்கள். என்னைக் கேட்டால், சட்டத்தைவிட இந்த மாற்றம்தான் ஆழமானது.

பாடப் புத்தகத்தில் அவசரம் தெரிந்தது. 1873-ல் வந்த வாசிப்புப் புத்தகம், வில்சன் என்பவருடைய அமெரிக்க வாசிப்புப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு. உலகில் வாழும் மனிதர்கள் ஐந்து இனத்தவர் என்று தொடங்கும். நேற்றுவரை விதை, உரம், கடன் பத்திரம் எழுதக் கற்றுக்கொண்டிருந்த பிள்ளை இன்று இதை உரக்கப் படிக்கிறது. வயலுக்கு ஆள் குறைகிறது, கட்டணம் வேறு. பெற்றோர் இதற்கு என்ன சொல்லியிருப்பார்கள்?

சொன்னதோடு நிற்கவில்லை, கொளுத்தினார்கள். 1873-ல் கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்து மேற்கு ஜப்பானில் கலவரங்கள் வெடித்தன. அரசு அறிக்கையில் 'ரத்த வரி' என்ற சொல் இருந்ததால், நிஜமாகவே ரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்று வதந்தி. மிமாசாகா போன்ற பகுதிகளில் கூட்டம் பள்ளிகளையும் சேர்த்து இடித்தது, எரித்தது. 1876-ல் நிலவரியை எதிர்த்து மியே பகுதியில் எழுந்த கிளர்ச்சியிலும் அதே கதை. ராணுவம், நிலவரி, பள்ளி மூன்றையும் விவசாயி ஒரே பட்டியலில் வைத்திருந்தான். மூன்றும் டோக்கியோவிலிருந்து வந்தவை, மூன்றுக்கும் அவன்தான் கொடுக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் அதே 1876-ல் உண்டு. மலைகளுக்கு நடுவே இருக்கும் மட்சுமோட்டோ நகரத்தில் கைச்சி பள்ளி எழுந்தது. கட்டியவர் ததேயிஷி செய்ஜூ என்ற உள்ளூர்த் தச்சர். டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் போய் மேற்கத்தியக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்து, தனக்குத் தெரிந்த மரவேலையில், சுண்ணாம்புப் பூச்சில் அதைச் செய்து பார்த்தார். மூலைகளில் கல் அடுக்கியதுபோலத் தெரியும். எல்லாம் பூச்சு வேலை. மேலே எட்டு முகக் கோபுரம். வாசல் முகப்பில் ஐரோப்பிய தேவதைக் குழந்தைகள் இருவர் பள்ளியின் பெயரைத் தூக்கிப் பிடிக்க, கீழே டிராகன் வளைந்து நெளிகிறது. அந்தத் தேவதைகள் ஒரு டோக்கியோ செய்தித்தாளின் வண்ணப்படத் தலைப்பிலிருந்து எடுத்தவை! சுமார் 11,000 யென் செலவில் ஏறத்தாழ எழுபது சதவீதம் ஊர் மக்கள் கொடுத்தது. 1963 வரை அதில் பிள்ளைகள் படித்தார்கள். 2019-ல் தேசியச் செல்வம் என்று அறிவித்தார்கள். ஓர் ஊர் பள்ளியை எரித்தது, இன்னோர் ஊர் தேவதை வைத்துக் கட்டியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் மேஜி காலக் கல்வியைப் புரிந்துகொள்ள முடியாது.

டோக்கியோவிலும் தடுமாற்றம்தான். 1879-ல் கல்வி அமைச்சகத்தை நடத்திவந்த தானாகா ஃபுஜிமாரோ, அமெரிக்க ஆலோசகர் டேவிட் மரேயுடன் வேலை செய்தவர், பிரெஞ்சுத் திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அமெரிக்கப் பாணியில் ஊர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று புதிய ஆணை கொண்டுவந்தார். பள்ளி வயதில் மொத்தம் 16 மாதம் படித்தாலே போதும் என்றார்கள். ஊர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, செலவைக் குறைக்க ஆரம்பித்தன. அடுத்த வருடமே ஆணையைத் திருத்தி மறுபடி இறுக்கினார்கள். தானாகா பதவியை விட்டுப் போனார். 1880-களின் பொருளாதார நெருக்கடியில் அரிசி விலை விழுந்து விவசாயி நொடித்தபோது, பாதியைத் தொட்ட சேர்க்கை 1887-ல் சுமார் 45 சதவீதத்துக்கு இறங்கியது. 1872 ஆணை போட்டுப் பதினைந்து வருடம் கழித்து!

அப்போது அமைச்சர் மோரி அரிநோரி. இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தெற்கே சத்சுமா பகுதியின் சாமுராய் வீட்டுப் பிள்ளை. 1865-ல், வெளிநாடு போவது சட்ட விரோதமாக இருந்த காலத்தில், ரகசியமாக லண்டன் போய்ப் படித்தவர். 1869-லேயே சாமுராய்கள் வாள் கட்டுவதை நிறுத்தலாம் என்று சொல்லி வசைபட்டார். வாஷிங்டனில் ஜப்பானின் பிரதிநிதியாக இருந்தபோது, ஜப்பான் ஆங்கிலத்தையே எடுத்துக்கொள்ளலாமா என்று யேல் பல்கலைக்கழக மொழியியலாளர் விட்னியிடம் கடிதத்தில் கேட்டார். சொந்த மொழியை விடாதீர்கள் என்று பதில் சொன்னவர் அந்த அமெரிக்கர்தான்.

இப்படிப்பட்டவர் 1885 டிசம்பரில், புதிதாக வந்த அமைச்சரவை முறையின் முதல் கல்வி அமைச்சரானதும் என்ன செய்தார் தெரியுமா? 1886-ல் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆணை. பல்கலைக்கழகத்தில் சுதந்திரமான ஆராய்ச்சி, ஆனால் அதுவும் 'நாட்டின் தேவைக்கு ஏற்ப'. கீழே பிள்ளைகளுக்கு நடப்பது ஆராய்ச்சி இல்லை, பயிற்சி. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் ராணுவ முகாம் போல மாறின. சீருடை, விடுதி, துப்பாக்கி ஏந்தி அணிவகுப்பு. சாப்பாடும் துணியும் இலவசம்; படிப்பு முடிந்ததும் சொன்ன இடத்தில் வேலை பார்க்க வேண்டும். கீழ்ப்படிதல், அன்பு, கம்பீரம் மூன்றும் ஆசிரியரின் குணங்களாகச் சட்டத்திலேயே எழுதப்பட்டன. ஏழை வீட்டுக் கெட்டிக்காரப் பையன்களுக்கு இது ஒரே வழியாக இருந்ததால் ஆசிரியர்கள் கிடைத்தார்கள். பாடப் புத்தகங்கள் அமைச்சக ஒப்புதல் பெற வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான். பள்ளி வருடம் ஏப்ரலில் தொடங்கும் வழக்கமும் அரசின் நிதியாண்டு ஏப்ரலுக்கு மாறிய அந்த 1886-ஐ ஒட்டி மெல்ல மெல்ல வந்தது. பலரும் செர்ரிப் பூ பூக்கும் காலம் என்பதால் என்று நினைக்கிறார்கள், கதை கணக்குப் பிள்ளையுடையது.

1889 பிப்ரவரி 11, அரசியலமைப்புச் சட்டம் வெளியாகும் நாள் காலையில், மோரியைக் கத்தியால் குத்தினான் ஒருவன், மறுநாள் இறந்தார். பேரரசர் குலத்துக்குப் புனிதமான இசே கோயிலில் திரைச்சீலையைக் கைத்தடியால் விலக்கிப் பார்த்தார் என்ற வதந்திதான் காரணம். நாட்டுப்பற்றைப் பள்ளிக்குள் புகுத்தியவரை, நாட்டுப்பற்று போதாது என்று கொன்றார்கள்.

அவர் போன மறுவருடம், 1890 அக்டோபர் 30, கல்வி பற்றிய பேரரசரின் அருளுரை வந்தது. மூலத்தில் 315 எழுத்துதான். எழுதியதில் முக்கியமானவர்கள் சட்ட நிபுணர் இனோவே கோவாஷியும் பேரரசரின் கன்பூசிய ஆசான் மொதோதாவும். பெற்றோரிடம் பக்தி, நண்பரிடம் நம்பிக்கை, நாட்டுக்கு ஆபத்து வந்தால் உயிரைக் கொடு என்பது சாரம். விழா நாளில் தலைமையாசிரியர் வெள்ளைக் கையுறை போட்டு அதை வாசிப்பார், பிள்ளைகள் தலை குனிந்து நிற்பார்கள். 1891 ஜனவரியில் டோக்கியோவின் ஓர் உயர்பள்ளியில் உச்சிமுரா கன்சோ என்ற கிறிஸ்தவ ஆசிரியர் அதன் முன் போதுமான அளவு குனியவில்லை என்று கூச்சல் எழுந்து வேலையை இழந்தார். பேரரசரின் படமும் பள்ளிகளுக்கு வந்தது. 1896-ல் சான்ரிக்கு கரையில் சுனாமி வந்தபோது அந்தப் படத்தைக் காக்கப் போன ஓர் ஆசிரியர் உயிரை விட்டார். கவனியுங்கள், இந்தச் சடங்கெல்லாம் நடந்த கட்டடங்களில் பெரும்பாலானவை ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்று கட்டியவை. செலவு ஊருடையது, உள்ளே பேசியது அரசு.

இவ்வளவுக்கும் பிறகும் 1890-ல் சேர்க்கை 49 சதவீதம்தான். பெண் பிள்ளைகளில் 31. பெண்கள் வராததற்கு ஒரு காரணம் முதுகில் இருந்தது. ஏழைப் பெண் குழந்தைகள் தம்பி தங்கையையோ அடுத்த வீட்டுக் குழந்தையையோ முதுகில் கட்டிச் சுமக்கும் வேலையில் இருந்தார்கள். 'கோமோரி' என்பார்கள். அவர்களுக்காகவே சில ஊர்களில் தனிப் பள்ளி வைத்தார்கள். குழந்தை அழுதால் எழுந்து வெளியே போய் ஆட்டிவிட்டு வரலாம். அமைச்சகத்தின் பெரிய திட்டங்களை எல்லாம்விட இந்தச் சின்ன ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்.

உண்மையான திருப்பம் 1900. அந்த வருட ஆணை நான்கு வருடக் கட்டாயப் படிப்பை உறுதியாக்கியதோடு, பொதுத் தொடக்கப் பள்ளிகளில் கட்டணம் வாங்குவதில்லை என்பதைப் பொது விதியாக்கியது. 1872 ஆணை வந்து 28 வருடம் கழித்து! இதற்கு அரசு கையில் கொஞ்சம் பணமும் வந்திருந்தது. 1895-ல் சீனாவைத் தோற்கடித்து வாங்கிய போர் ஈட்டுத் தொகையிலிருந்து ஒரு கோடி யென் 1899-ல் கல்வி நிதியாக ஒதுக்கப்பட்டது. தொழிற்சாலைகள் பெருகி, எழுதப் படிக்கத் தெரிந்தால் வேலை உண்டு என்ற நிலையும் வந்திருந்தது. சேர்க்கை 1895-ல் 61, 1900-ல் 81, 1905-ல் 95-ஐத் தாண்டியது. பெண் பிள்ளைகள் பத்து வருடத்தில் 44-லிருந்து 93-க்கு ஏறினார்கள். 1908 முதல் கட்டாயப் படிப்பு ஆறு வருடமானது. ஒரு எச்சரிக்கை: இவை பேர் பதிந்த கணக்கு, தினம் வந்தவர்கள் இதைவிடக் குறைவு.

1902 டிசம்பரில் ஓர் ஊழல் வெடித்தது. பாடப் புத்தக நிறுவனங்கள் தங்கள் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்தது வெளியாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் சிக்கினார்கள். அரசு இதையே சாக்காக வைத்து, இனி நாங்களே அச்சடிப்போம் என்றது. 1904 முதல் நாடு முழுக்க ஒரே புத்தகம். முதல் வாசிப்புப் புத்தகம் இ, எ, சு, ஷி என்ற நான்கு ஒலிகளுடன் தொடங்கியது. வடகிழக்கு மாகாணத்தவர் இந்த ஒலிகளைக் குழப்பிப் பேசுவார்கள் என்பதால் அவர்கள் நாக்கைத் திருத்துவது நோக்கம். ஒகினாவாவில் இன்னும் கடுமை. சொந்த மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகை தொங்கும். இன்னொரு பிள்ளை அப்படிப் பேசுவதைப் பிடித்தால்தான் கழற்றி அதற்கு மாட்டலாம்.

1933-ல் வந்த வாசிப்புப் புத்தகம் செர்ரிப் பூ பூத்தது என்று தொடங்கி, சில பக்கத்திலேயே 'முன்னேறு, முன்னேறு, சிப்பாயே முன்னேறு' என்று போனது. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். போரில் தோற்றபின், 1945 இலையுதிர் காலத்தில் அதே புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, ஆசிரியர் சொல்லும் வரிகளின் மேல் மையைப் பூசச் சொன்னார்கள். நேற்று மனப்பாடம் செய்யச் சொன்னவரும் இன்று பூசச் சொன்னவரும் ஒரே ஆசிரியர். அருளுரையை 1948 ஜூனில் நாடாளுமன்றம் ரத்து செய்தது.

1946-ல் அமெரிக்கக் கல்விக் குழு வந்து போனது. 1947 மார்ச்சில் புதிய சட்டம், ஏப்ரலில் புதிய முறை: தொடக்கப் பள்ளி ஆறு வருடம், நடுநிலை மூன்று, உயர்நிலை மூன்று, பல்கலைக்கழகம் நான்கு. கட்டாயப் படிப்பு ஒன்பது வருடம். ஒரே மாதத்தில் நாடு முழுக்கப் புதிய நடுநிலைப் பள்ளிகள் வேண்டும், குண்டு விழுந்த நகரங்களில் சுவர்கூட இல்லை. மரத்தடியில் வகுப்பு நடந்தது. 'நீலவான வகுப்பறை' என்று பெயர் வைத்தார்கள். கட்டடத்துக்கு டோக்கியோ போதுமான பணம் தரவில்லை. எழுபத்தைந்து வருடத்துக்கு முன்பு போலவே பாரம் மறுபடி ஊர்கள் மேல் விழுந்தது. ஊர்ப் பொதுக்காட்டை வெட்டி விற்றார்கள், வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தார்கள். பணம் புரட்ட முடியாமல் பதவியை விட்ட ஊர்த்தலைவர்களும் உண்டு.